பின்சக்கரத்து பிரேக் ஷூ

எங்கள் வக்கீல் ஆபீஸில் நான் இதுவரை அடித்த விபத்து மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆள் உயரம் வரும். இருபத்திரண்டு வருடமாக இதே நாற்காலி. 'மேற்படி வாகனம் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று விரல் தானாக ஓடும், மனசு மத்தியானத்துக்கு என்ன சமைக்கலாம் என்று ஓடும். இவளுக்கு ஈவு இரக்கமே கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு மனுவுக்கும் உட்கார்ந்து அழுதால் ஒரு பக்கம்கூட முடியாது. ஆனால் பழசு அண்ணனுக்காக அடித்த மனுவில், அவர் மகனின் வயது வரும் இடத்தில் மூன்று தடவை தப்பாக அடித்து மூன்று தடவை திருத்தினேன். இருபத்தொன்பது என்று அடிக்கக் கை வரவில்லை.

பழசு அண்ணன் எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் பைக், ஸ்கூட்டர் பழுது பார்ப்பவர். அவருக்கு ஒரு பேர் இருக்கிறது, மனுவில் அடித்தும் இருக்கிறேன், ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டியில் எந்த சாமானை மாற்றினாலும், கழற்றிய பழையதைத் துடைத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வண்டி நம்பரை அட்டையில் எழுதிக் கட்டி, "இந்தாங்க உங்க பழசு" என்று கையில் கொடுத்துவிடுவார். ஒரு வாஷர் மாற்றினாலும் அதே மரியாதைதான். ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, இந்த வாஷரை வெச்சு நான் என்ன கம்மலா போட்டுக்கறது? நீங்களே தூக்கிப் போடுங்க."

"போடறதா இருந்தா நீங்க போடுங்கம்மா. நான் போட்டேன்னு வைங்க, மாத்தவே இல்ல, காசு வாங்கிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்."

"நான் சொல்லுவேனா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. உங்க வீட்டுக்காரர் சொல்லுவார்."

அதுவும் சரிதான். எங்கள் வீட்டுக்காரர் சொல்லக்கூடியவர்தான்.

பழசு அண்ணனுக்கு மனைவி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகன். அச்சகத்தில் வேலை, கல்யாணமாகி நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. நாலு பேரும் அதில்தான் இருந்தார்கள். குழந்தை கடைக்குள் வந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடும், இவர் பின்னாலேயே ஓடுவார், மருமகள் வாசலில் நின்று, "மாமா, நீங்க கெடுக்கறதாலதான் இவ இப்படி ஆடறா" என்று திட்டுவாள். நான் வண்டி விடப் போகும்போதெல்லாம் இந்தக் கூத்து நடக்கும்.

ஒரு நாள் மத்தியானம், பெரிய சந்திப்பில், சரக்கு வேன் ஒன்று மகனின் பைக்கை இடித்தது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நஷ்டஈடு மனு போடப் பழசு அண்ணனை எங்கள் வக்கீலிடம் நான்தான் அழைத்து வந்தேன். அதற்குள் வேன் டிரைவர் ஒரு கதை சொல்லியிருந்தான். பைக் பக்கத்திலிருந்து தடுமாறிக் குறுக்கே வந்து விழுந்ததாம், பிரேக் பிடிக்காத வண்டியாம். வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. செத்தவன் மேலும் தப்பு என்று ஆகிவிட்டால், குழந்தைக்குக் கிடைக்க வேண்டியதில் பெரும் பங்கு போய்விடும். வண்டியைப் பரிசோதித்த அதிகாரி புண்ணியவான், 'முன்னும் பின்னும் சேதம்' என்று மூன்றே வார்த்தை எழுதிவிட்டு வேலையை முடித்திருந்தார். எப்படி இடித்தது, எந்தப் பக்கம் மடங்கியது, ஒன்றும் கிடையாது.

"பரவாயில்ல. வண்டி உங்ககிட்டதானே இருக்கு? அது சொல்லும்" என்றார் வக்கீல். "அப்படியே இருக்கில்ல? யாரும் கை வைக்கலையே?"

பழசு அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "ரிப்பேர் பண்ணிட்டேன் சார்."

வக்கீல் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் போட்டார். "என்னய்யா சொல்றீங்க? தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே! உங்க பிள்ளை செத்ததுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த வண்டிதான்யா!"

"போலீஸ்ல வண்டியைக் குடுத்தாங்க. கடை முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினேன். பதினோரு நாள் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன் சார். சக்கரம் மடங்கிக் கிடக்குது. நான் ஒரு மெக்கானிக். அதை அப்படியே பாத்துக்கிட்டு எப்படி சார் இருக்கறது?"

அடுத்த மூன்று நாளில் சக்கரத்தை மாற்றி, மட்கார்டை மாற்றி, பின்விளக்கை மாற்றி, கழுவித் துடைத்து, புது வண்டி மாதிரி ஆக்கி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறார். உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி ஒரு புத்தி போகுமா? எனக்கு வந்த கோபத்தில் அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் சட்டென்று ஞாபகம் வந்தது.

"அண்ணே, பழசெல்லாம் எங்கே?"

"கட்டி வெச்சிருக்கேம்மா. கை பழக்கம். கட்டின அப்புறம்தான், யாருகிட்ட குடுக்கறதுன்னு யோசிச்சேன்."

வக்கீல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். நாங்கள் மூவரும் அப்படியே கடைக்குப் போனோம். உள்ளே ஆணியில் இரண்டு கோணிப்பைகளும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையும் தொங்கின, மூன்றிலும் மகனுடைய வண்டி நம்பர் எழுதிய அட்டை. கோணியைக் கவிழ்த்ததும் பின்சக்கரத்து ரிம், மட்கார்டு, நம்பர் பிளேட் எல்லாம் தரையில் விழுந்தன. வளைந்தது எல்லாமே பின்னாலிருந்து முன்பக்கமாக நேராக வளைந்திருந்தது. மட்கார்டில் வேனின் வெள்ளை பெயின்ட் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வக்கீல் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடியது.

"அந்தச் சின்னப் பையில என்ன?"

பழசு அண்ணன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், கொடுக்கவில்லை. "பின் பிரேக் ஷூ சார். அதையும் மாத்தினேன்."

"ஏன்?"

"தேஞ்சிருந்தது."

வக்கீல் வாசல் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அது இங்கேயே இருக்கட்டும். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீங்க. உங்க பேத்தி முகத்தை நினைச்சுக்குங்க."

கூண்டில் ஏறும் நாள் வந்தது. ரிம்மையும் மட்கார்டையும் அடையாளம் காட்டத்தான் அவரை ஏற்றினோம். சலவைச் சட்டை, நகக்கண்ணில் மட்டும் போகாத ஆயில் கறை. எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் அளந்து பதில் சொன்னார். மருமகள் முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார்.

"வண்டியில வேற என்ன மாத்தினீங்க?"

பழசு அண்ணன் நீதிபதியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். சொல்லித் தொலைக்காதே, சொல்லித் தொலைக்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பின் பிரேக் ஷூ" என்றார்.

"எதுக்கு?"

"தேஞ்சிருந்தது ஐயா."

"எப்பலேருந்து தேஞ்சிருந்தது? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். பையன் சொன்னான், அப்பா பின் பிரேக் சரியா பிடிக்கலைன்னு. ஞாயித்துக்கிழமை மாத்தலாம்னேன். அன்னிக்கு கஸ்டமர் வண்டி நாலு நின்னுச்சு. நம்ம பையன் வண்டிதானே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். வியாழக்கிழமை..."

இன்சூரன்ஸ் வக்கீல், "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எங்கள் வக்கீல் கேஸ் கட்டை மூடிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். மருமகளுக்கு இதெல்லாம் அந்த நிமிஷம்தான் தெரியும். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பையில் துணியை அடைத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, போகும்போது மாமா என்றுகூடக் கூப்பிடவில்லை என்று அவரே சொன்னார்.

"அவ போனது தப்பு இல்லம்மா. நான் அவளா இருந்தா நானும் போயிருப்பேன்."

"பொய் சொல்லத் தெரியாதவருக்கு எதுக்கு அண்ணே கேஸு?" என்று கத்திவிட்டேன்.

"ஊர்ல எவன் வண்டியா இருந்தாலும் பழசைக் கையில குடுத்தேன். என் பையன் வண்டின்னா மட்டும் மறைக்கிறதா?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்கு அடுத்த வாய்தாவில் வேன் டிரைவர் கூண்டில் ஏறினான். எங்கள் வக்கீல் சும்மா பேச்சுக் கொடுப்பது போல, "சிவப்பு விளக்கு எரிஞ்சப்ப உங்க வேனுக்கு முன்னால எத்தனை வண்டி நின்னுச்சு?" என்று கேட்டார். அவனும் யோசிக்காமல், "ஒரு கார், அதுக்குப் பின்னால இந்த பைக்கு" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு முழித்தான் பாருங்கள்! இல்லை, நிற்கவில்லை, வந்துகொண்டிருந்தது என்று என்னென்னவோ மாற்றிப் பார்த்தான். குறுக்கே வந்து விழுந்த பைக்கு எப்படி முன்னால் நிற்கும்? நீதிபதி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார்.

அன்றைக்கே ஓடிப் போய்ப் பழசு அண்ணனிடம் சொன்னேன். அவர் மசியவில்லை. "வாய் தவறி வந்ததும்மா. எழுத்துல வரட்டும்" என்றார். மருமகளுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. தீர்ப்பு வரும்வரை இரண்டு மாதம் தினமும் காலையில் கடை திறக்குமுன் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். இன்னும் வரவில்லை என்று நான் தலையாட்டுவேன். திரும்பிப் போய்விடுவார். அந்த இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். கடையில் வண்டிகள் வரிசையாக நிற்கும், இவர் ஒரே போல்ட்டை இறுக்கி, கழற்றி, மறுபடி இறுக்கிக்கொண்டிருப்பார்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்றைக்கு இருவரையும் வரச் சொன்னேன். மருமகள் வந்து குழந்தையோடு சுவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் கதவருகிலேயே நின்றார். குழந்தை தாத்தாவிடம் ஓடப் பார்த்தது, அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிந்தது.

"ஜெயிச்சாச்சு" என்றேன். "முழுசா. உங்க பையன் மேல ஒரு துளி தப்பு இல்லைன்னு எழுதியாச்சு." தொகையைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிரேக் பத்தி என்னம்மா போட்டிருக்கு?"

பதினான்காம் பக்கத்தைத் திருப்பி நிதானமாகப் படித்தேன். "இறந்தவர் சிவப்பு விளக்குக்காகத் தமது வாகனத்தை நிறுத்தி நின்றுகொண்டிருந்தபோது, வேன் பின்னாலிருந்து நேராக மோதியுள்ளது என்று இந்தத் தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. எனவே, பின்சக்கர பிரேக் தேய்ந்திருந்ததற்கும் இந்த மரணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை."

"இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"இது நெஜமா நடந்ததா? இல்ல, கெழவன் பாவம்னு எழுதினதா?"

எனக்கு வந்ததே கோபம். "நீதிபதி என்ன உங்க மச்சானா, பாவம் பாத்து எழுதறதுக்கு? உங்களை நீங்களே எத்தனை நாள் கூண்டுல நிறுத்தி வெச்சிருப்பீங்க? எழுத்துல வரட்டும்னீங்க, வந்தாச்சு. இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும்?"

அப்போதுதான் மருமகள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி அந்த இடத்தை விரலை வைத்துத் தானே ஒரு தடவை படித்தாள். பிறகு அவர் எதிரில் போய் நின்றாள்.

"மாமா."

அவர் நிமிரவே இல்லை.

"அவர் நின்னுக்கிட்டு இருந்திருக்கார் மாமா. சிக்னல்ல வண்டியை நிறுத்திட்டு நின்னிருக்கார். பிரேக் வேலை செஞ்சாத்தானே வண்டி நிக்கும்?"

அவர் அவளையே பார்த்தார்.

"வண்டி நின்னுதாம்மா?" என்று குழந்தை மாதிரி கேட்டார்.

"நின்னுது மாமா" என்றாள்.