சத்தம் மிக அதிகம்

என் மனுசன் குலசிங்கத்திடம் யாராவது எழுத்தில் ஒரு கேள்வி கேட்டால், பதில் எழுதாமல் விடமாட்டார். சவர்க்காரப் பெட்டியில் 'உங்கள் கருத்தை அறியத் தாருங்கள்' என்று அச்சடித்திருந்தால்கூட, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கருத்தை அறியத் தருவார். திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் முப்பத்தொரு வருசம் கிளாக்கர். பென்சன் எடுத்து ஆறு வருசமாகியும் சட்டைப் பையில் பேனை இல்லாமல் கோயிலுக்கும் போகமாட்டார்.

இந்த வியாதிக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குள் சம்பூரை விட்டு ஓடினோம். அதன்பிறகு பாதுகாப்பு வலயம் என்று ஒன்பது வருசம் எங்கள் காணிக்குள் கால் வைக்க ஏலாது. இவர் ஒவ்வொரு பெரிய கந்தோருக்கும் கடிதம் எழுதினார். நான் மற்றப் பெண்களோடு மாவட்டக் கந்தோரான கச்சேரியின் வாசலில் நின்று கத்தினேன். கடைசியில் காணி கிடைத்தது. எதனால் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்: பதினேழாவது கடிதத்தால்.

அன்றும் கச்சேரி வாசலில் என் பக்கத்தில் வந்து, "இராசமலர், கொஞ்சம் மெல்லமாக் கதையும், சனம் பாக்குது" என்றவர்தான் இவர். கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்குச் சொல்லுவது அது ஒன்றுதான். என் தொண்டை அப்படி. நான் என்ன செய்ய?

கிடைத்த காணியில் இரண்டு ஏக்கர் வயல். போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் கதிர் முற்றுகிற நேரம் பார்த்து ஒரு தனியன் யானை வந்து தின்று, மிதித்து, உருண்டு, ஒன்றும் மிச்சம் வைக்காமல் போனது. யானை வெடி போட்டால் நின்று வேடிக்கை பார்க்கும். எனக்கு வெறுத்துவிட்டது. "இந்தப் போகமும் போச்செண்டால் வயலை விட்டிட்டு கொழும்பிலை பிரசாந்தினியின்ரை பிளாட்டுக்குப் போறது. சொல்லிப்போட்டன்" என்றேன். கோபத்தில் சொன்னது. மகள் வீட்டு நாலாம் மாடியில் இருந்து சுவரைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் இவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிற மாதிரித் தலையாட்டிவிட்டார். அதற்குப் பிறகு சொன்ன சொல்லை மீட்க வழியில்லை.

மகள் விசயத்தைக் கேட்டு ஒரு ட்ரோன் வாங்கி அனுப்பினாள். ட்ரோன் இரைச்சல் தேனீக்கூட்டம் மாதிரிக் கேட்குமாம், யானைக்குத் தேனீ என்றால் பயமாம். அதைப் பறக்கவிட அனுமதி எடுக்க வேண்டும் என்று அறிந்து, நிரப்பவேண்டிய படிவங்களைக் கண்டபோது இவர் முகத்தில் வந்த சந்தோசம் எங்கள் கலியாண வீட்டிலும் நான் காணாதது.

அனுமதி கிடைத்து, பெட்டியை உடைத்த அன்று ட்ரோன் எழும்பவில்லை. முதலில் அப்டேட் செய்யச் சொன்னது. வயலில் சிக்னல் இல்லை, மதகடியில் மட்டும் ஒரு கோடு வரும். இவர் மதகில் குந்தியிருந்து காலையிலிருந்து மத்தியானம் வரை போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றொன்பது வீதத்தில் நின்றுவிட்டது.

"இஞ்சருங்கோ, உதை விட்டிட்டு வந்து சாப்பிடுங்கோவன்."

"ஏலாதப்பா. நிப்பாட்டக்கூடாதெண்டு எழுதியிருக்கு."

எழுதியிருந்தால் முடிந்தது கதை. சோற்றை மதகடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் கையில் பிடிக்கும் கருவிக்குத் தனி அப்டேட். அது முடிய, ட்ரோனுக்குத் திசை மறந்துவிட்டதாம், அதைக் கையில் ஏந்திக்கொண்டு தன்னைத்தானே சுற்ற வேண்டுமாம். இவர் வரம்பில் நின்று மெதுவாகச் சுற்றினார். பக்கத்து வயல்காரர் மூதூர் முத்தலிப் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன கிளாக்கர் ஐயா, வயலுக்குக் கண்ணூறு கழிக்கிறீங்களா?"

சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஏலாமல் போய்விட்டது.

நாலாம் நாள் பின்னேரம் அது எழும்பியது. அம்மாடி, அது என்ன சத்தம்! காட்டோரம் நின்ற தனியன் காதை விரித்தது, வாலைத் தூக்கியது, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. நான் வரம்பிலேயே குந்தியிருந்து அழுதேன். பிளாட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி மதகடிக்கு வர, ட்ரோன் கம்பனியிடமிருந்து போனில் ஒரு கேள்வி வந்தது: இன்றைய பறப்பில் இரைச்சல் எப்படி இருந்தது? விடுவாரா? 'மிக அதிகம்' என்பதற்கு நேரே சரி போட்டார். கீழே கருத்து எழுத ஒரு சின்னப் பெட்டி. கந்தோர் இங்கிலீசில் யோசித்து யோசித்து எழுதி, எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்: 'யானையே தாங்க முடியாமல் ஓடிவிட்டது. அத்தகைய சத்தம்.' இவர் வாழ்க்கையில் ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு புகழ்ந்து எழுதியது கிடையாது. இரண்டு நாளில் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. அதை அச்செடுத்து, முத்தலிபுக்கும் காட்டி, கடிதக் கோவையில் போட்டார்.

ஒரு மாதம் யானை எட்டிப் பார்க்கவில்லை. கதிர் பழுத்துச் சாய்ந்தது. அறுவடை மெசினுக்குச் சொல்லி, இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது மறுபடியும் அப்டேட்.

"அறுத்த பிறகு செய்யுங்கோவன்" என்றேன்.

"கட்டாயமெண்டு எழுதியிருக்கு."

மதகு. போன் தலைக்கு மேல். தொண்ணூற்றொன்பது. நூறு.

அன்று மைம்மல் பொழுதில் தனியன் வந்தது. முத்தலிப் அவருடைய வரம்பிலிருந்து கூப்பிட்டார். நாங்கள் ஓடிப்போகும்போது அது எங்கள் வயலின் மேல் மூலையில் இறங்கி, கதிரைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. இவர் ட்ரோனை எழுப்பினார். ஒரு நுளம்பு காதோரம் போனமாதிரி இருந்தது. அவ்வளவுதான். தனியன் தலையைத் தூக்கி அதை ஒருதரம் பார்த்தது, பிறகு அடுத்த பிடி கதிரைப் பிடுங்கியது.

"பழுதாப் போச்சோ?" என்றேன்.

இவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, புது அப்டேட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்று அதோடு போனில் இறங்கியிருந்த குறிப்பைத் தேடி வாசித்தார். "பாவனையாளர்களிடமிருந்து கிடைத்த முறைப்பாடுகளைக் கவனத்தில் எடுத்து, இரைச்சலைப் பெருமளவு குறைத்துள்ளோம்." பிறகு சொன்னார், என்னால் மறக்க ஏலாது: "அப்ப, நான் எழுதினதை வாசிச்சிருக்கினம்."

அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைக் கேட்டதும் எனக்குக் கண் இருண்டுவிட்டது.

"என்ன மனுசனப்பா நீங்கள்! யானை ஓடினது காணாதெண்டு அதுக்குக் கடிதமும் எழுதினனீங்களே! ஒன்பது வருசம் அகதி முகாமிலை நுளம்புக் கடியிலை கிடந்து எடுத்த காணி! எவன் கேட்டவன் உங்களிட்டை சத்தம் எப்பிடி எண்டு? கேட்டால் பேசாமல் இருக்கத் தெரியாதே? நான் அந்தப் பிளாட்டிலை போயிருந்து சாகவோ? எனக்கு ஏலாது! நான் போகமாட்டன்! கேக்குதோ, நான் போகமாட்டன்!"

இவர் கையைத் தூக்கினார். மெல்லமாக் கதையும் என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்கு இன்னும் ஏறியது. இன்னும் பெரிதாகக் கத்தினேன்.

"இராசமலர், நிப்பாட்டாதையும்!" என்றார் இவர். "இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம் கத்தும்!"

திரும்பிப் பார்த்தேன். தனியன் காதை விரித்துக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போனது. வாய்க் கதிரைக் கீழே போட்டது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி இன்னொரு தரம் "போகமாட்டன்!" என்றேன். அது வாலைத் தூக்கியது. பற்றைக் காடு முறிகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

மேல் மூலையில் ஒரு துண்டுதான் போயிருந்தது. மிச்சம் அப்படியே நின்றது. முத்தலிப் வாயில் சால்வையை வைத்துக்கொண்டு வந்தார்.

"கிளாக்கர் ஐயா, ஒங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். இத மட்டும் அப்டேட் பண்ணிப் போடாதீங்க."

மற்ற நாலு பின்னேரமும் இவர் எனக்குக் கொத்தமல்லித் தண்ணி அவித்துத் தந்து, "தொண்டை எப்பிடி?" என்று விசாரித்துத்தான் வயலுக்குக் கூட்டிப்போனார். ஐந்தாம் நாள் மெசின் வந்தது. கடைசி மூட்டையை விறாந்தையில் இறக்கிவிட்டு உட்கார, மேசையில் கிடந்த போன் கிணுங்கியது. இவர் எடுத்துப் பார்த்தார். இரைச்சல் குறைந்தது திருப்தியா என்று கேட்டிருந்தார்கள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். சட்டைப் பையிலிருந்த பேனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.