ஞாயிற்றுக்கிழமை பெய்த பனி

பனி பெய்வதென்றால் அது ஒரு வேலை நாளில் பெய்திருக்க வேண்டும். திங்கள், புதன், எந்தக் கிழமையென்றாலும் எனக்குச் சரி. ஞாயிறு மட்டும் கூடாது. ஏனென்றால் திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளை என்னுடையவள், ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மாவின் நாள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஏப்ரலில், குளிர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் தடித்த கோட்டுகளை மடித்து மேலே ஏற்றிய பிறகு, லண்டனில் பனி பெய்தது. பெய்தது ஞாயிற்றுக்கிழமை.

லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில் அப்போது எங்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த வீட்டில் இருந்தவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். முதியவர்களைப் பராமரிக்கும் கேர் ஹோம் ஒன்றில் பகல் வேலை. அவளுடைய கணவனுக்கு வார இறுதியிலும் ஷிப்ட் விழும். பிரசவ லீவு முடிந்ததும் பிள்ளையை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். "அக்கா, உங்களை விட்டால் எனக்கு ஆரக்கா?" என்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, கேட்பவர்கள்தான் கூச்சப்படுவார்கள்.

முதல் பல் முளைத்தது என் மடியில். முதல் அடி எடுத்து வைத்தது என் வீட்டுக் கம்பளத்தில். சோபாவிலிருந்து கையை விட்டு, டிவி வரை வந்து, தானே திகைத்து உட்கார்ந்தாள். மாலையில் வந்த தாயிடம் நான் வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் கதவைத் தட்டி, "அக்கா, பிள்ளை நடக்கிறா! இப்பதான், எனக்கு முன்னாலதான் முதல் அடி வைச்சவா!" என்று குதித்தாள். "ஓமோ?" என்று நானும் கண்ணை அகல விரித்தேன். அவ்வளவு பெரிய மனம் எனக்கு அன்றோடு தீர்ந்துபோனது என்று நினைக்கிறேன். பிள்ளைக்குப் பேச்சு வந்தபோது தாய் என்னை 'அன்ரி' என்று கூப்பிடப் பழக்கியிருந்தாள். பெரியம்மா என்றால் என்ன குறைந்துபோகும்? தெருவில் போகிற எல்லோரும்தானே அன்ரி.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பிள்ளைக்குப் பனியின் மேல் ஒரே பைத்தியம். அவளுக்கு அப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. படப் புத்தகத்தில் பனி மனிதனைக் கண்டுவிட்டு ஒவ்வொரு நாளும், "எப்ப அன்ரி ஸ்நோ வரும்?" என்று கேட்பாள். வரவேயில்லை, மழைதான் வந்தது. ஒருநாள் கேள்வி தாங்காமல், மீனும் கணவாயும் அடைத்துவைத்திருக்கும் எங்கள் பழைய ஃப்ரீசரைத் திறந்து, ஓரத்தில் கட்டியிருந்த வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இதுதான் ஸ்நோ" என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். ஸ்நோ என்றால் மீன் மணக்கும் என்று அன்று முடிவு செய்துவிட்டாள். பிறகு மீன் பொரிக்கும் நாட்களிலெல்லாம் ஜன்னலுக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்ப்பாள். இது எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த பகிடி.

அந்த ஞாயிறு காலை என் கணவர்தான் முதலில் திரைச்சீலையை விலக்கினார். தெரு முழுக்க வெள்ளை. கார்களின் மேல் ஒரு சாண் உயரம் இருக்கும். முன்வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் பூக்கள் தலைவரை மூடுண்டு கிடந்தன. இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த முதல் நினைவு பிள்ளைதான். அடுத்த நினைவு, இன்றைக்கு என்ன கிழமை என்பது. வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான். ஒரு குளிர்காலம் முழுக்கக் கேள்விக்குப் பதில் சொன்னது நான், அவள் கண் விரிவதைப் பார்க்கப்போவது இன்னொருத்தி.

ஜன்னலடியில் நின்றேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பிள்ளை வாசலில் வந்து, ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பின்னலின் நுனிதான் தெரிந்தது. அவளுக்கு முன்னால் குனிந்து, சிரித்து, அந்த முகத்தை முழுவதுமாக வாங்கிக்கொண்டிருந்தாள் தாய்க்காரி. பிள்ளையின் காலில் மெல்லிய சப்பாத்து, தலையில் தொப்பி கிடையாது, கோட்டின் மேல் பொத்தான் பூட்டவில்லை. போன மாதம் முழுக்க இருமியது யார், பகலெல்லாம் நெஞ்சு தடவியது யார்?

"அங்க நிண்டு என்னப்பா பாக்கிறீர்? வெளியில வாரும்" என்று கணவர் கத்தினார். அவர் ஏற்கெனவே தெருவில் பனி மனிதன் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் மனுஷன், பெட்ரோல் ஷெட்டில் ஆறு நாள் நின்றவர், கவலையில்லாமல் உருட்டிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டில் சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் தம்பதி, கணினி வேலைக்காரர்கள், இரவு உடையின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் படம் எடுத்துத் தள்ளினார்கள். "நம்பவே முடியலைங்க! ஊர்ல சொன்னா ஃப்ரிட்ஜைத் திறந்து படம் எடுத்தேன்னு சொல்லுவாங்க" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆட்கள் எல்லோரும் நல்லவர்கள். காலையும் அழகானதுதான். நான்தான் எரிந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் இருந்த பிள்ளையின் தொப்பியைச் சாட்டாக எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"தொப்பியில்லாமல் விட்டிருக்கிறீர்" என்றேன்.

"ஐயோ, அவசரத்தில மறந்துபோனன் அக்கா. எனக்கும் இவ்வளவு ஸ்நோ புதுசுதானே, ஓடி வந்திட்டம்" என்று அவள் மூக்கு சிவக்கச் சிரித்தாள். அந்த நேரம் பிள்ளை ஒரு பிடி பனியை அள்ளி மூக்கடியில் கொண்டுபோனாள். முகர்ந்தாள். முகம் மலர்ந்தது. தாயைத் தாண்டி என்னைப் பார்த்து, "அன்ரி! மீன் மணக்கேல்லை!" என்று கத்தினாள்.

"என்ன சொல்லுறா?" என்றாள் தாய்.

"அது எங்கட கதை" என்றேன். சொல்லியிருக்கலாம், இரண்டு வசனத்தில் முடிகிற கதை. சொல்லவில்லை. அவள் சிரிப்பு சற்று மங்கியதைப் பார்த்தேன், எனக்கு நன்றாகவே இருந்தது.

பனி மனிதனுக்கு என் கணவர் கண் வைத்தார், மூக்குக்கு முருங்கைக்காய்த் துண்டு வைத்தார். கரட் முடிந்துவிட்டதாம். தெருவே கைதட்டியது. பிள்ளை அதைத் தொட ஓடி வந்தாள். மெல்லிய சப்பாத்து என்று நான் சொன்னேனல்லவா, வழுக்கியது. முன்வீட்டுச் சின்ன மதிலில் நாடி அடிபட்டு விழுந்தாள். ஒரு கணம் சத்தமே வரவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டாள். பிறகு வீறிட்டாள். உதட்டில் கொஞ்சம் ரத்தம்.

நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். தாய்தான் கிட்ட நின்றாள். பனியில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையையும் விரித்தாள். பிள்ளை எழுந்தாள். தாயைப் பார்த்தாள். சுற்றித் தேடினாள். என்னைக் கண்டதும் தாயின் கையருகால் நடந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கித் தோளில் போட்டு முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவினேன். இரண்டு விம்மல், அவ்வளவுதான், அழுகை நின்றுவிட்டது.

"பாருங்களேன்," என்றாள் சென்னைப் பெண், கேமராவை இறக்கியபடி. "தூக்கினதும் கப்புன்னு நிறுத்திடுச்சு. என்ன இருந்தாலும் அம்மான்னா அம்மாதான்."

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். திருத்த வேண்டிய இடம் அது. நான் பிள்ளையின் தலையில் கன்னத்தை வைத்தபடி நின்றேன். வாழ்க்கையில் ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. யாராவது ஒருவர் பேசும் வரைக்கும் அது உண்மையாக இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

"இல்லைத் தங்கச்சி," என்று என் கணவர் பேசித் தொலைத்தார். "அம்மா அந்தா, அவ."

"ஐயோ, சாரிங்க! தினமும் இவங்கதானே பாப்பாவை வண்டியில வச்சுக் கூட்டிட்டுப் போறாங்க, நான் நினைச்சேன்..."

தாய் அப்போதுதான் எழுந்தாள். விரித்த கை அதுவரை விரித்தபடியே இருந்தது. முழங்காலைத் தட்டிக்கொண்டு, "ஓம், பிள்ளைக்கு அக்காவோட நல்ல வாரப்பாடு" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு வந்து பிள்ளையை வாங்கினாள். பிள்ளை என் கார்டிகனைப் பிடித்த பிடியை விடவில்லை. ஒவ்வொரு விரலாக அவள் கழற்ற வேண்டியிருந்தது. தாயின் அந்த முகத்தை எனக்குத் தெரியும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் பார்த்த என் முகம்தான் அது.

மத்தியானத்துக்குள் வெயில் வந்து எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. சென்னைத் தம்பதி எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டையும் கூப்பிட்டோம், பிள்ளை நித்திரை என்றாள். அன்று முழுவதும் எனக்கு வெற்றிக் களிப்பு. சமைக்கும்போது வாய்க்குள் பாட்டுக்கூட வந்தது.

அந்த வாரம் முழுக்கப் பிள்ளை வழக்கம்போல வந்தாள். வெள்ளி மாலை கூட்டிப்போக வந்த தாய் வாசலில் நின்று, "அக்கா, திங்கள் தொடக்கம் நைட் ஷிப்டுக்கு மாத்திப்போட்டன். பகல்ல நான் வீட்டிலதான். இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை" என்றாள்.

"எனக்கென்ன கரைச்சல்? நைட் வேலை செய்திட்டுப் பகல்ல பிள்ளை பாக்க ஏலுமே? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"சமாளிப்பன் அக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

முதல் நைட் ஷிப்ட் முடிந்து அவள் வந்த அன்று மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதாள். அந்த அழுகையை எனக்குத் தெரியும். பசியில்லை, நோவில்லை, நித்திரை வந்தும் கொள்ள முடியாத அழுகை. எப்படித் தூக்க வேண்டும், எங்கே தடவ வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். இரவு முழுக்க நின்றவளால் இது ஏலாது. இப்போது கதவைத் தட்டுவாள் என்று கார்டிகனை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டேன்.

அப்போது அவளுடைய குரல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில், என்னவோ முணுமுணுவென்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகை தணிந்தது. ஒரு விக்கல். பிறகு சத்தமே இல்லை. நான் நினைத்ததைவிட வெகு சீக்கிரம் நின்றுவிட்டது. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், பிள்ளை திரும்பவும் அழட்டும் என்று.