மாமாவின் பிரஷர் ஏறாமல் மழையில் கோலார் வரை

கியர் பைக் ஓட்டக் கற்று எனக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதுவும் காய்ந்த ரோட்டில். போன ஐப்பசியில் மாமனாரைப் பின்னால் உட்கார வைத்து, எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலிலிருந்து கோலாருக்கு மழையில் ஓட்டிப் போனேன். என்னைப்போல் புதிதாக ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அனுபவசாலிகள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்கு முந்தின மாதமே நடந்திருக்க வேண்டியது. அன்று பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டே போய், ஆஸ்பத்திரிக்கும் அரக்கப் பரக்க ஓடினோம். பிரஷர் எகிறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் எகிறினால் எப்போது தேதி கிடைக்குமோ தெரியாது. சோற்றில் கிடக்கும் கல்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் மனுஷன் தடுமாறுவதைத் தினம் பார்க்கிறவள் நான். என் கணவர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய பைக் வீட்டில் இருந்தது. ஒன்பது மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

தூரம் சுமார் முப்பது கிலோமீட்டர். ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். தூறல்தானே என்று நினைத்தேன். மாமாவுக்கு மழைக்கோட்டு மேலும் கீழுமாகத் தொள்ளாயிரம் ரூபாய். எனக்குப் பழையது போதும் என்று விட்டது தப்பு, பத்து நிமிஷத்தில் தொப்பலாகிவிட்டேன்.

எங்கள் ஊரில் சுரங்கக் கழிவு மண் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. சயனைடு மேடு என்போம். மழை பெய்தால் அந்த மாவு மண் கரைந்து ரோட்டுக்கு வந்துவிடும். பார்க்க வெறும் ஈரம் போலத்தான் இருக்கும். குறுக்கே ஒரு நாய் வர, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தேன். முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. இருபதில் போனதால் இரண்டு காலையும் ஊன்றிச் சமாளித்தேன். மாமா என் தோளைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலி இருந்தது.

அடுத்த டீக்கடையில் நிறுத்தினேன். டீயைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்துவிட்டார். இந்தப் பயத்தில் பிரஷர் ஏறியிருக்கும், ஆபரேஷன் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரொம்ப பயந்துட்டீங்களா மாமா?"

"ஷாஃப்ட்ல கேஜ் எறங்கறதுக்கு முன்னாடி பெல் அடிப்பாங்க. எத்தினி ஆழம் போனாலும் எனக்கு பயம் இல்ல. நீ இன்னாடான்னா சொல்லாம கொள்ளாம புடிக்கிற. எனக்குக் கண்ணும் தெர்ல, இன்னா நடக்குதுன்னும் தெர்ல."

சுரங்கக் குழிக்குள் கூண்டு லிஃப்டில் இறங்கி வேலை பார்த்த மனுஷன், கோபத்தில்தான் சொன்னார். சரி, இனி எல்லாவற்றையும் சொல்லிவிட்டே செய்வது என்று முடிவு செய்தேன். "மாமா, மெதுவாக்கறேன்." "மாமா, ஹம்ப் வருது." "லாரி தாண்டுது, தண்ணி அடிக்கும்." வழியில் பங்காருபேட்டை நெருங்கும்போதுதான் மாமா "உம்" என்றார்.

சொல்லிவிட்டுச் செய்ய வேண்டுமென்றால் முன்னாலேயே பார்த்தாக வேண்டும். அதனால் என் கண் தானாகவே தூரத்துக்குப் போனது. பிரேக்கைக் கடைசி நேரத்தில் பிடிக்கிற பழக்கம் அந்த ஒரு பயணத்தில் போய்விட்டது.

பங்காருபேட்டை தாண்டியதும் மழை கொட்டியது. முன்னால் செங்கல் லாரி ஒன்று ஊர்ந்தது. மணி எட்டு. தாண்டினால் நேரத்துக்குப் போய்விடலாம், எதிரே என்ன வருகிறது என்றுதான் தெரியவில்லை. "மாமா, நான் தாண்டப் போறதில்ல, லேட்டாகும்," என்றேன். "ஆவட்டும்மா," என்றார். லாரியின் டயர் போன தடத்திலேயே, நல்ல இடைவெளி விட்டு, பதினைந்து இருபதில் போனேன்.

ஒன்பது பத்துக்குச் சேர்ந்தோம். நர்ஸ் கன்னடத்தில் ஒரு திட்டு திட்டிவிட்டு, அரை மணி உட்கார வைத்து பிரஷர் பார்த்தார். நூற்று முப்பத்தாறு. உள்ளே கூட்டிப் போனார்கள். நான் சுவரில் சாய்ந்து நன்றாக அழுதேன்.

கிளம்புகிறவர்களுக்கு: மழை தொடங்கிய முதல் அரை மணி நேரம் ரோட்டில் எண்ணெய் மிதக்கும், ஒதுங்கி நில்லுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல அழுத்துங்கள். வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடி மேலும் பிரேக் வேண்டாம். ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். ஆபரேஷன் செய்துகொண்டவரை பைக்கில் கூட்டி வராதீர்கள். மாமா மறுநாள் காரில்தான் வந்தார், ஆயிரத்து இருநூறு ரூபாய்.

அடுத்த வாரம் கண்ணைக் காட்டப் போக வேண்டியிருந்தது. டாக்டரிடம் கேட்டோம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைக்கில் வரலாம் என்றார். பதினைந்து வருஷமாக ஓட்டுகிற என் கணவர் லீவு போட்டு, வண்டியைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து நின்றார். மாமா வெளியே வந்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவன் சொல்லாமயே திருப்புவான், எனக்கு பிரஷர் ஏறும். நீ எடும்மா வண்டிய."