பின்னிக் காட்டிய கை

விருதுநகரில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். பட்டாசு ஆலைகளில் தீக்காயம் பட்டவர்களுக்கு எவ்வளவு இழப்பீடு கேட்கலாம் என்று போட்டுப் பார்ப்பது என் வேலை. மாதச் சம்பளம், வயது, உழைக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்ற மூன்றும் தெரிந்தால் போதும், தொகையைச் சொல்லிவிடுவேன். கண்ணீருக்கு அதில் இடமில்லை. அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்கூட வரும்.

ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து வந்த அக்கா அழவில்லை. சரவெடி பின்னுகிறவர். வலது கையில் மூன்று விரல்கள் வெந்து, தோல் இறுகி, மடங்கியபடியே நின்றுவிட்டன. வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். அறுபது சதவீதம் தாராளமாகக் கிடைக்கும் என்று போட்டு வைத்திருந்தேன்.

ஊனத்தை மதிப்பிடும் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். “டாக்டர் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கக்கா, வீறாப்பு வேண்டாம்” என்று சொல்லியும் வைத்தேன். காரணம் இருந்தது. சரம் பின்னுகிற பெண்களுக்குள் யார் வேகம் என்று எப்போதும் போட்டி. உன்னால் ஆகாது என்று யாராவது சொன்னால் சும்மா இருக்கமாட்டார்கள்.

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனிமே உங்களால பின்ன முடியாதுல்ல?” என்றார்.

அவ்வளவுதான். அக்கா பையிலிருந்து நூலையும், மருந்தில்லாத வெறும் வெடிக் குழாய்களையும் எடுத்தார். தரையில் உட்கார்ந்து நூல் நுனியைக் கால் விரல்களில் மாட்டினார். இடது கை பின்ன, வலது கட்டைவிரல் அழுத்திக்கொடுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் சரம் இறங்கிவிட்டது.

“பளகிட்டேன் சார். சீசனுக்குள்ள பளைய வேகம் வந்துரும்.”

டாக்டர் பாராட்டினார். சான்றிதழில் முப்பது சதவீதம் என்று எழுதினார்.

வெளியே வந்ததும் கத்திவிட்டேன். “படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா! பாதிப் பணம் போச்சு.”

“போகட்டும் தம்பி. அந்தப் பணம் எம்புட்டு நாளைக்குக் காணும்? முடியாதுன்னு எளுதிட்டா, அப்பறம் எந்தக் கம்பெனியில என்னச் சேப்பாக?”

எனக்கு வெட்கமாக இருந்தது. இனி எங்கே வேலைக்குப் போவீர்கள் என்று இத்தனை வருடத்தில் யாரிடமும் நான் கேட்டதில்லை.

அக்கா என் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். “அதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க தம்பி. போர்மேன்கிட்டக் காட்டணும்.”