அண்ணன் பார்க்காத கிளைமாக்ஸ்

தகரக் கூரை மேல் செருப்பு உரசும் சத்தம்... கீழே டிவியில் பாலைவனம்.

ஊட்டிக்குக் கீழே எங்கள் நடுவட்டத்தில் ஆடி மாசம் அடிக்கிற காற்றுக்கு டிஷ் ஒரு பக்கமாக நிற்காது. எங்கள் டிஷ்ஷுக்குப் போல்ட்டும் துருப்பிடித்துப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் டப்பிங் படம் முழுசாக ஓட வேண்டுமென்றால், யாராவது கூரையில் ஏறி அதைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது அண்ணன் வேலை. என்னைவிட ஆறு வயசு மூத்தவன். நான் ஏறுகிறேன் என்றால் விட மாட்டான்.

"வந்துச்சாடா?"

"வந்துச்சுண்ணா. அசைக்காத."

எல்லாம் ஒரே மாதிரிப் படங்கள். அப்பாவைக் காணோம், தங்கச்சியைக் காணோம் என்று ஒரு குடும்பமே ஏதோ ஒரு நாட்டுக்குக் கிளம்பும். பாம்பு, அருவி, துப்பாக்கி. பாதிப் படம் வரை பிரச்சினை இல்லை. கிளைமாக்ஸுக்குச் சரியாகக் காற்றும் மிஸ்ட் மூட்டமும் வந்துவிடும். அண்ணன் எழுந்து மேலே போய்விடுவான்.

அதனால் அவன் ஒரு கிளைமாக்ஸும் பார்த்ததில்லை. நனைந்துபோய் இறங்கி, டீ குடித்துக்கொண்டே என்னைச் சொல்லச் சொல்வான்.

ஒரு படத்தில் அப்பாவைத் தேடி அண்ணனும் தம்பியும் பாலைவனத்தைத் தாண்டுகிறார்கள். கடைசியில் ஒரு கயிற்றுப் பாலம். அறுகிற கயிற்றை அண்ணன் இழுத்துப் பிடித்துக்கொள்ள, தம்பி தாண்டிவிடுவான். அண்ணன் வர மாட்டான்.

அன்றைக்கு என் அண்ணன் உதடு நீலமாகி இறங்கினான்.

"ரெண்டு பேரும் ஊடு போய்ச் சேந்தாங்களா?"

"சேந்துட்டாங்க."

அப்போது எனக்கு ஒன்பது வயசு. வேறு என்ன சொல்வது.

இப்போது அவன் வளைகுடாவில், நிஜமாகவே பாலைவனத்தில் லாரி ஓட்டுகிறான். அதற்குப் பக்கத்து நாட்டில் சண்டை. போன மாசம் இவனுக்கு முன்னால் போன லாரி மேல் குண்டு விழுந்தது. அவன் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஊட்டியில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறேன்.

போன ஞாயிறு வீடியோ கால் பண்ணினான். வீட்டுக்குள் டவர் கிடைக்காது. அதே கூரையில் நான் ஏறி நின்றேன். அந்தக் கயிற்றுப் பாலம் படத்தைப் போனில் முழுசாகப் பார்த்துவிட்டானாம்.

"அண்ணங்காரன் வரவே இல்லியேடா... பொய்தான சொன்னே?"

அவனே பேச்சை மாற்றினான். காண்ட்ராக்ட் முடிகிறதாம். மறுநாள் கையெழுத்துப் போட்டால் இன்னும் ரெண்டு வருஷம். போடட்டுமா என்று கேட்டான்.

"போடாத. ஊடு வந்து சேருண்ணா."

அவன் முகம் அப்படியே ஸ்கிரீனில் உறைந்தது. கால் கட்டாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மெசேஜ் வந்தது. 'போடல. வந்துர்றேன்.' அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்த டிஷ் கோழிக்கூண்டுக்கு மூடி. எந்தப் படமானாலும் போனிலேயே கிளைமாக்ஸோடு கிடைக்கிறது, யாரும் நனைய வேண்டாம்.

அந்த மெசேஜைத்தான் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். நம்பலாம்தான்...

ஆனால் இந்தத் தடவை கூரையில் நின்றது நான். அங்கே குளிரில் நிற்கிறவனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டுமென்று எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.