நேர்ந்துவிட்ட குலையும் எங்கள் தெருவின் தொண்டையும்

போன வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கள் தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். பேச முடியவில்லை... தொண்டை!

பிள்ளையார் கோவில் பூசாரிக்குக் குரல் கட்டிக்கொண்டது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் வைத்திலிங்கம் லீவு போட்டுவிட்டார். குரல் இல்லாத மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நீதிபதி என்ன செய்வார், பாவம்? பக்கத்து வீட்டுக் காசிம் நானா கடையில் உட்கார்ந்து கையால் ஜாடை காட்டி வியாபாரம் செய்கிறார்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வீட்டுக் கொடி.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்களுக்கு அந்தக் கொடியைத் தெரியும். 'என் வீட்டுத் திராட்சை' என்று இதே இடத்தில் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! கண்டியின் மழைக்கும் பனிக்கும் திராட்சை சரிப்பட்டு வராது என்று ஒரு வாசகர் எழுதியபோது, 'நேரில் வந்து பாரும்' என்று சவால்கூட விட்டேன். நல்ல வேளை, அவர் வரவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கோப்பி ஸ்டோர் ஒன்றில் கிளார்க்கு. மலைத் தோட்டங்களிலிருந்து மாட்டு வண்டியில் வரும் கோப்பியை இறக்கி, தரம் பார்த்து, கொழும்பு ரயிலில் ஏற்றி அனுப்புவது வேலை. ஒரு பிடி அள்ளினால் போதும் — இது மடுல்கெல்ல, இது ஹேவாஹெட்ட என்று சொல்லிவிடுவேன். ஸ்டோரில் இதற்காக எனக்குப் பெரிய பெயர். (மூட்டையின் மேல் தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கும் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை.)

இப்படிப்பட்ட நிபுணன் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கொடி தானாக முளைத்தால் சும்மா இருப்பானா?

அகன்ற இலை. சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி. மதில் மேல் ஏறி, கூரையைத் தொட்டு, பிறகு பிஞ்சுக் குலை. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன்: "திராட்சை!"

என் மனைவி பார்வதி குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு முறை பார்த்தாள். "யாரு கண்டா?" என்றாள். அவ்வளவுதான். இருபது வருஷமாக என் கருத்துகளுக்கெல்லாம் அவள் தரும் மரியாதை இதுதான்.

முதலில் ஒரு கண்டம் வந்தது. காசிம் நானா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தார் — இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். இந்த நாட்களில் கண்டியில் எந்தச் செடியைப் பார்த்தாலும் கை தானாக இலையைப் புரட்டுகிறது. கோப்பி இலை நோய் வந்த பிறகு நமக்கெல்லாம் பிடித்த வியாதி அது. ரோஜாவைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைக்கிறார்கள்.

புரட்டியவர் அலறிவிட்டார். "யா அல்லாஹ்! தம்பி, துரு பிடிச்சீக்கி! கோப்பி நோய்! இப்பவே வெட்டி எரிச்சுப் போடுங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். அடிப்பக்கம் முழுக்கத் துரு நிறம். நானா வீட்டுக்குப் பின்னால் ஐம்பது அறுபது கோப்பிச் செடி நிற்கிறது. நோய் என்றால் கொடியை எரிக்கத்தான் வேண்டும்.

விரலால் தேய்த்தேன். கோப்பி நோய் என்றால் மஞ்சள் பொடி விரலில் ஒட்டும். இதில் ஒட்டவில்லை. வெறும் பூனைமயிர்... அந்த நிறத்தில்.

"நோய் இல்லை நானா!"

இருவரும் மதிலுக்கு இருபுறமும் நின்று சிரித்தோம். பார்வதி கோப்பி போட்டுக் கொடுத்தாள், குடித்தோம். நோய் இல்லை என்ற சந்தோஷத்தில், திராட்சை இலைக்கு எதற்கு இந்தத் துரு நிறம் என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை. கோப்பிக்காரர்களின் அறிவு அவ்வளவுதான்... நோயா இல்லையா என்பதோடு நின்றுவிடும்.

அதன் பிறகு கொடிக்கு உரிமை கொண்டாட ஆள் சேர்ந்துவிட்டது.

"நான் செல்றன் கேளுங்க. போன பெருநாளைக்குக் கொழும்பால வந்த காஞ்ச முந்திரியப் பழத்தத் தின்னுட்டுக் கொட்டய உங்கட பக்கம்தான் துப்பின. அதுதான் முளச்சீக்கி," என்றார் காசிம் நானா. திராட்சையைத்தான் அவர் முந்திரியப் பழம் என்கிறார்.

வைத்திலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே வீட்டுக்கு வீடு திராட்சைப் பந்தல், பெயர் மட்டும் முந்திரிகை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இலையை ஆராய்ந்தார். "உது எங்கட ஊர் முந்திரிகை. ஓம், நிச்சயம். நான் கோர்ட்டிலையும் சத்தியம் பண்ணுவன்."

நான் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து கோப்பி மூட்டையோடு மூட்டையாக வந்த விதை, எனவே இது சீமைத் திராட்சை என்று தீர்ப்புச் சொன்னேன். மூன்று பேருக்கும் மூன்று சாதி. ஆனால் திராட்சை என்பதில் மட்டும் என்ன ஒற்றுமை!

"பேராதனை அரசாங்கச் செடித் தோட்டம் கூப்பிடு தூரந்தானே. ஒரு எலையக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்களேன்," என்றாள் பார்வதி.

ஸ்டோரில் வேலை அதிகம், லீவு கிடைக்காது என்றேன். பொய். இல்லை என்று சொல்லிவிட்டால்? பத்திரிகையில் வேறு எழுதிவிட்டேனே!

இதற்கிடையில்தான் வீட்டுக்குள் அந்தத் துயரம் வந்தது. பார்வதியின் அண்ணன் மாரிமுத்து மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. ஆள் சேர்க்கக் கடல் தாண்டி ஊருக்குப் போனவர், மன்னாரிலிருந்து காட்டு வழியாக ஆட்களோடு நடந்து வந்தார். வழியில் காய்ச்சல். எங்கள் வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆள் இருக்கிற இடம் தெரியவில்லை, பாய் மட்டும் தெரிந்தது. கசாயம் இறங்கவில்லை. கண் திறக்கவில்லை. போய்விடுவார் என்றே நான் முடிவு செய்துவிட்டேன். அவருக்குத் தெரியாமல், பார்வதிக்கும் தெரியாமல், கோப்பி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

அந்த அறை ஜன்னலைத் திறந்தால் கொடிதான் தெரியும். ஒரு நாள் காலையில் பார்வதி அங்கே நின்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டாள். 'முதல் திராட்சைக் குலை பிள்ளையாருக்கு' என்று நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மாரிமுத்து பிழைத்தார். முதலில் கண். பிறகு கஞ்சி. பிறகு கையில் தடி. எந்த மருந்து வேலை செய்தது என்று நான் கேட்கவில்லை. பார்வதிக்குத் தெரியும்.

குலைகள் கருத்துக் கனிந்தன. பார்க்கப் பார்க்க நாக்கு ஊறியது. ஆனால் நேர்ந்துவிட்ட பழத்தைச் சாமிக்கு முன் யார் வாயில் வைப்பார்கள்? முகர்ந்து பார்ப்பதே பாவம். ஆகவே, வாசகர்களே, ஒன்றைக் கவனியுங்கள். ஆறு மாதமாக மூன்று ஆண்கள் ஒரு பழத்தின் சாதி என்ன என்று வாதாடினோம். ஒருவரும் அதைத் தின்று பார்க்கவில்லை!

காக்கை தொடவில்லை. அணில் தொடவில்லை. "பார்த்தாயா, அணிலுக்குக்கூட நேர்த்தி தெரிந்திருக்கிறது!" என்று பார்வதியிடம் சொன்னேன். நான் சொன்னேன்... இந்த வாயால்.

வெள்ளிக்கிழமை. குலைகளை வெள்ளித் தட்டில் வைத்து, மாரிமுத்தை முன்னால் நடக்க விட்டு, ஊர்வலம் போலப் போனோம். பூசாரி பழங்களை உதிர்த்துப் பஞ்சாமிர்தத்தில் போட்டார். அபிஷேகம், தீபாராதனை எல்லாம் முறையாக நடந்தது. பிறகு பிரசாதம். கையில் வாங்கியவர்களெல்லாம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். கண்டியில் திராட்சை காய்க்க வைத்த மனிதன் அல்லவா! நான் ஓரமாக, அடக்கமாக நின்றேன்.

முதலில் புளிப்பு. பரவாயில்லை, வெல்லம் இருக்கிறது. பிறகு... வேகாத கருணைக்கிழங்கைத் தின்றால் தொண்டை என்ன பாடு படுமோ, அந்தப் பாடு.

ஒருவர் செருமினார். இன்னொருவர் செருமினார். பிறகு கோவிலே செருமியது. பூசாரி மந்திரத்தை நடுவில் நிறுத்தி, கண்ணில் நீரோடு என்னைக் கேட்டார்: "என்னா பழங்க இது?"

"திராட்சை," என்றேன். என் குரலும் அத்தோடு போயிற்று.

வைத்திலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டு, "உப்பிடி ஒரு சாமான் எங்கட ஊரிலை கிடையாது," என்றார். அடுத்த நாள் காலையில் காசிம் நானா வந்தார். அவருக்கென்று பார்வதி முந்தின நாளே கொடியிலிருந்து தனியாக ஒரு குலை அறுத்து, பூசைக்குப் பிறகு தின்னச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "தம்பி, தொண்டக்குள்ள எறும்பு ஓடுது. நான் துப்பின கொட்ட இது இல்ல. சத்தியமா இல்ல." அதன் பிறகு நானாவுக்கும் பேச்சு வரவில்லை. மூன்று பேர் சொந்தம் கொண்டாடிய கொடி ஒரே நாளில் அநாதையாகிவிட்டது.

கோவிலில் மாரிமுத்து மட்டும் இரண்டாம் தடவையும் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார். "காச்சல்ல நீங்க ஊத்துன கசாயத்துக்கு இது தேவலாம் மாப்ள."

எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள். பார்வதி சிரிக்கவில்லை.

அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. தெரு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், வாசகர்கள் சிரித்தாலும் பழகிப் போயிற்று. ஆனால் அண்ணன் உயிருக்காக அவள் நேர்ந்த நேர்த்தி? திராட்சை என்று நான் அடித்துச் சொன்னதை நம்பி, சாமி தலையில் எதைக் கொண்டுபோய் ஊற்றினோம்? காய்ச்சல் திரும்பி வந்தால் அவள் யாரைக் கேட்பாள்? சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தூங்கவும் இல்லை.

திங்கட்கிழமை லீவு போட்டேன். (ஆம், கிடைத்தது. கேட்டவுடனே கிடைத்தது.) ஓர் இலையும் ஒரு குலையும் எடுத்துக்கொண்டு பேராதனைக்குப் போனேன். எப்படியாவது, எந்தச் சாதியாகவாவது, அது திராட்சையாக இருந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அங்கிருந்த உத்தியோகஸ்தர் இலையைப் புரட்டினார். அந்தத் துரு நிறத்தைப் பார்த்தார். குலையைத் தொடக்கூட இல்லை. காட்டுக்கொடியாம். நம் மலைக் காடுகளில் தானாகப் படருமாம். திராட்சைக்குச் சொந்தம்தான்... ஆனால் தூரத்துச் சொந்தம். நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்துபோகிற வகை.

வீட்டுக்கு வந்தேன். பார்வதி கிணற்றடியில் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாரிமுத்து கதிரையைப் போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்பிலிருந்து ரயிலில் நல்ல திராட்சை வரவழைக்கிறேன், மறுபடியும் அபிஷேகம் செய்வோம் என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது, தொண்டை அரிப்பினால் மட்டும் அல்ல.

"எதுக்குங்க?" என்றாள்.

"உன் நேர்த்தி..."

"அந்தக் கொடியில மொதல்ல பழுக்கிற கொலைய ஒனக்கே தர்றேன் சாமின்னுதான் வேண்டுனேன். திராட்சைன்னு நான் எப்பச் சொன்னேன்? அது நீங்க வச்ச பேரு." குடத்தைக் கவிழ்த்தாள். "கொலையக் குடுத்தாச்சு. அண்ணன் ஒக்காந்திருக்கு. பிள்ளையாருக்கும் எனக்கும் கணக்கு சரி."

"அப்புறம் ஏன் மூன்று நாளாகப் பேசவில்லை?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

கொடி அப்படியே நிற்கிறது. வெட்டப் போவதில்லை. அது என்ன கொடி என்று யாராவது கேட்டால், பேராதனையில் சொன்னதைக்கூட இப்போது நான் எடுத்துவிடுவதில்லை. 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்கிறேன்.

சொல்லிப் பாருங்கள்... தொண்டை அரிக்கவே அரிக்காது!