பஸ் ஸ்டாப் வரைக்கும் ஆன்ட்டி

எங்கள் கடையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. சோபா விற்பவர் சோபா அண்ணன். மேசை நாற்காலிகளைத் திருகிப் பொருத்திக் கொடுப்பவன் ஸ்க்ரூ. வாசல் பக்கம் உட்கார்ந்து பில் போடும் நான் பில்லக்கா. மூன்றாவது மாடியில் கட்டிலும் மெத்தையும் விற்பவளைக் கட்டில் என்றே கூப்பிடுவோம். முதலில் முறைத்தாள், அப்புறம் பழகிவிட்டாள். காலையிலிருந்து இரவு வரை அத்தனை கட்டில்களுக்கு நடுவே நின்றுகொண்டே இருப்பாள். ஒன்றில்கூட வேலையாட்கள் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம்.

பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுமுறை விட்டால் ஊரில் பாதிப் பேர் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். வாங்குவதற்கு அல்ல. உள்ளே ஏசி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, டிக்கெட் கிடையாது. பெற்றவர்கள் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள், அவர்கள் பெற்றவை மெத்தை மெத்தையாகத் தாவும். கேட்டால், "சும்மா பாக்கறோம்" என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பூங்காவுக்குப் போனால் வெயில், சினிமாவுக்குப் போனால் செலவு, எல்லாம் என் தலையில் வந்து விடிகிறதே என்று முணுமுணுப்பேன். கட்டில் முணுமுணுக்க மாட்டாள். தாவிய பிள்ளை இறங்கியதும் விரிப்பை இழுத்துவிட்டுத் தலையணையை நிமிர்த்தி வைப்பாள், அவ்வளவுதான்.

அவளுக்கும் இரண்டு உண்டு. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. புருஷன் ஓர் ஆஸ்பத்திரியில் இரவுக் காவல். விடிந்தபின் வந்துதான் தூங்குவான். வீடோ ஒரே அறை. சின்னவன் ஒரு கரண்டியைக் கீழே போட்டால் போதும், மனுஷன் பதறி எழுந்துவிடுவான். கெட்டவன் இல்லை. பகலில் தூக்கம் கெட்டு, வேலையில் கண்ணசந்து, ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவன். பிள்ளைகளைச் சமாளிப்பது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறவர்களை அந்த அறையில் ஒரே ஒரு பகல் விட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் வராமல் விளையாடு என்று ஐந்து வயதுக்காரனிடம் அவர்களே சொல்லிப் பார்க்கட்டும்.

அவளும் என்னென்னவோ செய்துபார்த்தாள். படிக்கட்டில் உட்காரவைத்தாள், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். படம் வரையப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். ஒரே நாளில் கடைசிப் பக்கம் வரை பச்சையடித்து முடித்துவிட்டான். பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மதியத்துக்குள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் ஒரு பெரிய குடும்பம் கடைக்குள் நுழைந்தது. அதன் வாலைப் பிடித்தாற்போல இரண்டு பிள்ளைகள். பெரியதன் முகத்தைப் பார்த்ததுமே யார் வீட்டுக் குட்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கட்டில் என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ஏண்டி, உனக்கு வேலை மேல ஆசை விட்டுப் போச்சா? போன வருஷம் திரைத்துணி விக்கிறவ அவ பொண்ணைக் கூட்டிட்டு வந்து என்ன ஆச்சுன்னு தெரியும்ல? அன்னிக்கே வீட்டுக்குப் போன்னுட்டாங்க."

"தெரியும்க்கா. வேற எங்க விடுவேன், நீங்களே சொல்லுங்க."

சொல்ல எனக்கு ஓர் இடமும் தெரியவில்லை. அதனால் நானும் கூட்டாளி ஆனேன்.

பிள்ளைகளிடம் அதை ஒரு விளையாட்டாகச் சொல்லிவைத்திருந்தாள். கடைக்குள் அவள் அம்மா இல்லை, ஆன்ட்டி. யாராவது ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பின்னாலேயே சுற்ற வேண்டும். அம்மா என்று வாய் தவறி வந்துவிட்டால் அம்மாவுக்கு வேலை போய்விடும். சாயங்காலம் பஸ் ஸ்டாப் வந்ததும் விளையாட்டு முடிந்தது.

மேனேஜர் படியேறினால் நான் மைக்கில், "மூணாவது மாடிக்குத் தலையணை உறை வேணும்" என்பேன். உடனே இரண்டும் அடுத்த மாடிக்கு நழுவிவிடும். பெரியவள் நடிப்பில் கெட்டிக்காரி. "பாப்பா, யார் கூட வந்தே?" என்று சோபா அண்ணன் கேட்டதற்கு, "எங்கப்பா இன்னும் கலர் முடிவு பண்ணலை அங்கிள்" என்றாளாம், சலித்துக்கொண்டே! சின்னவன்தான் காட்டிக்கொடுக்கப் பார்த்தான். சாப்பாட்டு மேசையில் அழகுக்கு வைத்திருந்த மெழுகு ஆப்பிளை எடுத்துக் கடித்துவிட்டான். மேனேஜர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக, "இது யார் பல்லு?" என்று விசாரித்தார். நான் மேசைக்கு அடியில் குனிந்து பேனாவைத் தேடுகிறவள் போலச் சிரித்தேன்.

சாயங்காலம் நாங்கள் எல்லோரும் ஒரே பஸ் ஸ்டாப். அங்கே கால் வைத்ததுதான் தாமதம், சின்னவன் பகல் முழுக்கச் சேர்த்துவைத்ததை அவிழ்த்துவிடுவான். "அம்மா தண்ணி! அம்மா கால் வலிக்குது! அம்மா அந்த நாயைப் பாரேன்! அம்மா, அம்மா!" தெருவே திரும்பிப் பார்க்கும். அவளுக்கு 'உம்' கொட்டக்கூடத் தெம்பு இருக்காது.

"அக்கா, ஊர்ல இருக்கற எல்லாரும் வந்து என் கட்டில்ல படுத்துப் பாத்துட்டுப் போறாங்க. எனக்குத்தான் கொஞ்சம் சாய முடியல. இனி போய் ஆக்கணும், துவைக்கணும். லீவு எப்பக்கா முடியும்?"

பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? சும்மா கேட்பாள். நானும் சும்மா, "முடிஞ்சிடும்டி" என்பேன்.

ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். மேனேஜரே ஒரு பணக்கார அம்மாளை அழைத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் இருந்தார். அவர் கையெழுத்துக்காக நானும் மேலே போயிருந்தேன். மைக்கின் முன்னால் ஆள் இல்லை. துணி அலமாரி ஒன்றின் கதவு 'டப்'பென்று மூடியது. அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. சின்னவன் ஒரு கையால் மறு கையைப் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டில்களுக்கு நடுவே நடந்து வந்தான். விரல் நுனியிலிருந்து ரத்தம் சொட்டியது.

"ஆன்ட்டி, கை நசுங்கிடுச்சு ஆன்ட்டி."

அவள் அப்படியே நின்றாள். கை மட்டும் நீண்டு, பாதியில் நின்றது.

"யாருப்பா நீ? உங்கம்மா எங்க?" என்றார் மேனேஜர்.

சின்னவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"எங்கம்மா வேலைக்குப் போயிருக்காங்க."

அவள் அவனை வாரித் தூக்கி, பக்கத்திலிருந்த கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். முந்தானையால் விரலைச் சுற்றினாள். "நான்தான் சார் இவன் அம்மா" என்றாள்.

"இல்ல சார்!" அதுவரை அழாதவன் அப்போதுதான் வீறிட்டான். "இவங்க ஆன்ட்டி சார்! சும்மா சொல்றாங்க சார்! இவங்க ஆன்ட்டி!"

அலமாரிக்குப் பின்னாலிருந்து பெரியவள் ஓடிவந்தாள். "போதும்டா. விடுடா" என்று தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மேனேஜர் அந்தப் பணக்கார அம்மாளை ஒரு தரம் பார்த்தார். "முதல்ல கட்டுப் போடுங்க. வேலை வேணுமா, பிள்ளைங்க வேணுமான்னு வீட்ல போய் முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "இதையே உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுப் பாருங்க சார்" என்றேன். என்னை முறைத்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், "நாளையிலிருந்து தனியா வரதா இருந்தா வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வேலை தப்பியது. நாளைக்குப் பிள்ளைகளை எங்கே விடுவது என்பது மட்டும் அப்படியே இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் அவள் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி சின்னவன் மடியில் இருந்தான்.

"இனிமே எங்க வேணும்னாலும் அம்மான்னே கூப்பிடு, சரியா?" என்றாள்.

தலையாட்டினான். வழக்கமான கூச்சல் இப்போது கிளம்பும் என்று நான் காத்திருந்தேன். அவன் கடை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். என்னையும் பார்த்தான். பிறகு நல்ல கையை வாயோரம் மறைப்பாக வைத்து, அவள் காதோடு ஒட்டிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் ஏதோ சொன்னான். அவன் உதடு அசைந்ததை வைத்துத்தான் அது 'அம்மா' என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் பஸ் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.